“செகண்ட்-கெஸ்” என்றால் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறேன் என்று அர்த்தமா?

பீளமேடு_பர்ச்சேஸ்
(3 முறை திருத்தப்பட்டது)

வணக்கமுங்க. ஒரே ஒரு வார்த்தை மூன்று நாளாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன், பதினொரு வருடமாக. பொள்ளாச்சிப் பக்கம் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மெக்கானிக்கல் சீல், பேரிங், கேபிள் எல்லாம் எந்த மாதத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணக்கெடுத்து, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டு, சரக்கு வந்து இறங்கும்வரை பின்னாலேயே நிற்பது என் வேலை. ஆங்கிலத்தில் மெயில் எழுதப் பயமில்லை, வேண்டிய நாலு வாக்கியம் கையில் இருக்கிறது. அடுத்தவர் எழுதி நான் படிக்கிற ஆங்கிலம்தான் அவ்வப்போது காலை வாருகிறது.

நடந்தது இதுதான். கோடை வந்துவிட்டால் பம்ப்புக்கு ஆர்டர் குவியும், அதனால் ஜனவரியிலேயே சரக்கு எடுத்து வைத்துவிடுவோம். இந்த வருடம் ஒரு சைஸ் சீலுக்கு 400 என்று திங்கட்கிழமை பி.ஓ. அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. 400 அதிகமோ? போன வருடம் 40 மிச்சமானதே? புதன்கிழமை காலையில் வெண்டரைக் கூப்பிட்டு 350 ஆக்கினேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் 400. அவர் பாவம், “கடைசியா ஒரு நம்பரைச் சொல்லுங்க மேடம், நான் வெச்சிடறேன்” என்றார். போனைத்தான் வைப்பாரா, என்னையே தூக்கி ஓரமாக வைப்பாரா, தெரியவில்லை.

எங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் புனேயில் இருக்கிறார். தமிழ் தெரியாது. வருடாந்திர அப்ரைசல் படிவத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்: “வெரி தரோ. பட் ஷி நீட்ஸ் டு ஸ்டாப் செகண்ட்-கெஸ்ஸிங் ஹர் ஓன் நம்பர்ஸ்.”

‘கெஸ்’ என்று பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நான் கெஸ் பண்ணுகிறேனா? மூன்று வருட விற்பனை, கையிருப்பு, சரக்கு வர ஆகும் நாள் எல்லாம் எக்ஸலில் வைத்திருக்கிறேன். குத்துமதிப்பாக ஒரு நட்டு கூட வாங்கியதில்லை. அன்றைக்கே பதில் போட்டேன்: “சார், ஐ நெவர் கெஸ். ஐ கேல்குலேட் எவ்ரிதிங்.”

அவர் திரும்ப எழுதினார்: “ஐ நோ யூ டூ. தட்ஸ் எக்ஸாக்ட்லி மை பாயிண்ட்.” பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை.

கணக்குப் போடுகிறேன் என்று அவருக்கே தெரிகிறதாம், அதுதான் அவர் சொல்ல வந்ததுமாம். அப்புறம் ஏன் கெஸ் என்கிறார்? போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், ‘இரண்டாவது யூகம்’ என்று வந்தது. எட்டாவது படிக்கும் என் மகள், “செகண்ட்னா நொடிம்மா, ஒரு நொடியில யூகிக்கிறது” என்கிறாள். வீட்டுக்காரர், “பாராட்டியிருப்பார், விடு” என்கிறார். அந்தச் சிரிப்புப் பொம்மை மட்டும் விடமாட்டேன் என்கிறது. அர்த்தம் சொல்லுங்கள், தினசரி பேச்சில் எப்படிப் போடுவது என்றும் சொல்லுங்கள்.

---

மதில்மேல்பூனை

குத்துமதிப்பு இல்லை. எடுத்த முடிவையே திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்ப்பது. விதையைப் போட்டுவிட்டு, முளைத்ததா முளைத்ததா என்று தினம் மண்ணைக் கிளறுகிறவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி.

உங்கள் பதிவுக்கு மேலே “3 முறை திருத்தப்பட்டது” என்று காட்டுகிறது பாருங்கள். அதுதான் செகண்ட்-கெஸ்.

---

ஜெர்சிக்காரன்

பூனை சுருக்கமாகச் சொல்லிவிட்டார், சரியாகத்தான் சொன்னார். ஆனால் ‘கெஸ்’ ஏன் அங்கே வந்து உட்கார்ந்தது என்பதுதானே உங்கள் கோபம். அதற்கு பேஸ்பால் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். நியூஜெர்சிக்கு வந்து பதினான்கு வருடமாகிறது, முதல் ஐந்து வருடம் அந்த ஆட்டத்தைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும். இப்போது பைத்தியமாகிவிட்டேன்.

பேஸ்பாலில் பந்து எறிகிறவர் பிட்சர். அவர் களைத்துவிட்டார், அல்லது எதிரணி அவரைப் படித்துவிட்டது என்று தோன்றினால் அணியின் மேனேஜர் உள்ளே நடந்துபோய், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, வேறொருவரை இறக்குவார். வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வரவே முடியாது. ஆக, மேனேஜர் எடுப்பது பாதி இருட்டில் எடுக்கும் முடிவு. அதுதான் முதல் கெஸ். ஆட்டம் முடிந்து, முடிவு தெரிந்து, கையில் பாப்கார்னோடு இருக்கிறவர் “அவனை எடுத்திருக்கவே கூடாது” என்கிறாரே, அது இரண்டாவது கெஸ். இப்படிப்பட்ட ரசிகரைக் கிண்டலாக ‘செகண்ட்-கெஸ்ஸர்’ என்றார்கள். அகராதிகள் அந்தப் பெயர்ச்சொல்லுக்கு 1937 என்றும், அதிலிருந்து வினையாக உருவான ‘செகண்ட்-கெஸ்’ஸுக்கு 1941 என்றும் வருடம் தருகின்றன. ஆளைக் கேலி செய்யப் பிறந்த பெயரிலிருந்து வினை வந்திருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் அந்தச் சொல்லில் ஒரு குத்தல் இருக்கிறது. ‘யோசித்துப் பார்த்தார்’ என்பதில் இல்லாத குத்தல்.

ஒரு கதை சொல்லாமல் என்னால் போக முடியாது. 2020 அக்டோபர் 27, பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம், டெக்சாஸின் ஆர்லிங்டனில். டாம்பா பே அணி 1-0 என்று முன்னால் இருக்கிறது. அவர்களுடைய பிட்சர் பிளேக் ஸ்னெல் அன்று நெருப்பு. 73 பந்துதான் எறிந்திருக்கிறார், ஒன்பது பேரை ஸ்டிரைக்-அவுட் ஆக்கியிருக்கிறார், விட்டுக்கொடுத்தது இரண்டே ஹிட். அடுத்து வர வேண்டிய எதிரணி பேட்ஸ்மேன் மூக்கி பெட்ஸையும் அன்று இரண்டு முறை அவுட்டாக்கி அனுப்பிவிட்டார். ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து அவரை வெளியே எடுத்துவிட்டார். காரணம் கணக்கு. ஒரே பேட்ஸ்மேன் ஒரே ஆளை மூன்றாவது முறை சந்திக்கும்போது நன்றாக அடிப்பார் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. கேஷ் அதை நம்பினார். புதிதாக வந்தவரின் பந்தை பெட்ஸ் அடித்தார், அந்த இன்னிங்ஸிலேயே எதிரணியான டாட்ஜர்ஸ் இரண்டு ரன் எடுத்து முந்திவிட்டது. கடைசியில் 3-1, கோப்பை போய்விட்டது.

மறுநாள் என் ஆபீஸில் யாரும் வேலை பார்க்கவில்லை. எல்லோரும் கேஷை செகண்ட்-கெஸ் செய்துகொண்டிருந்தோம். இன்றுவரை செய்கிறோம். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த மனிதரின் மேல் ஒரு பரிவு. கணக்கை நம்பினார், கணக்கு கைவிட்டுவிட்டது. ஸ்னெல்லை விட்டுவைத்துத் தோற்றிருந்தால், “ஏன் எடுக்கவில்லை” என்று அதே கூட்டம் கேட்டிருக்கும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்வதென்றால், 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனியை ஏழாவதாக இறக்கியது. மான்செஸ்டரில் 18 ரன்னில் தோற்றோம். “முன்னாடியே இறக்கியிருக்கணும்” என்று டீக்கடையில் சொன்ன அத்தனை பேரும் செகண்ட்-கெஸ்ஸர்தான், நானும் உள்பட. “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பிக்கிற ஆளுக்கு ஆங்கிலத்தில் இதுதான் பட்டம். அப்பவே சொல்லியிருக்க மாட்டார் என்பது உபரித் தகவல்.

இதே மாதிரிப் பேச்சுக்கு அமெரிக்கர்கள் “ஹைண்ட்சைட் இஸ் 20/20” என்பார்கள். நான் முதலில் இதை டி-20 கிரிக்கெட் என்று நினைத்து ஒரு மீட்டிங்கில் தலையாட்டியிருக்கிறேன். அது கண் பரிசோதனை. இருபது அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டியது தெளிவாகத் தெரிகிறது என்று பொருள். நம் ஊர் கண் டாக்டர் மீட்டரில் அளந்து 6/6 என்று எழுதுவது இதைத்தான். முடிந்துபோனதைத் திரும்பிப் பார்க்கும்போது எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

இலக்கணத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த வினைக்கு அடுத்து நேராக ஆளோ முடிவோ வரும், நடுவில் ‘அபௌட்’ வராது. “ஷி செகண்ட்-கெஸ்ஸஸ் ஹெர்செல்ஃப்.” “டோன்ட் செகண்ட்-கெஸ் மை டிசிஷன்.” எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. “முந்தின எக்ஸிட்டிலேயே இறங்கியிருக்கலாமே” என்று நான் வாய் திறந்தால் போதும், “ஸ்டாப் செகண்ட்-கெஸ்ஸிங் மை டிரைவிங், ஆர் யூ கேன் வாக்” என்பாள். திண்டுக்கல்லில் பிறந்தவள்.

உங்கள் மேனேஜர் சொன்னது: உங்கள் நம்பர் நல்ல நம்பர், அதைப் போட்ட பிறகு நீங்களே அதன் மேல் சந்தேகப்படுவதை நிறுத்துங்கள். திட்டு மாதிரி இருக்கும் பாராட்டு. வீட்டுக்காரர் பாதி சரி.

---

பீளமேடு_பர்ச்சேஸ்

ரொம்ப நன்றிங்க ஜெர்சி அண்ணா. அந்த கேஷ் என்பவர் மேல் எனக்கும் பாவமாக இருக்கிறது. கணக்கு போடுகிறவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அப்படியானால் நான் எங்கள் மேனேஜருக்குப் போட்ட பதில், “நான் கெஸ் பண்ணுவதே இல்லை சார்” என்று முறைத்துக்கொண்டு போனதுதான். போகட்டும். இப்போது ஐந்து வாக்கியம் நானே எழுதியிருக்கிறேன், யாராவது திருத்திக் கொடுங்கள்.

“ஐ செகண்ட்-கெஸ்ட் அபௌட் தி குவான்டிட்டி.” (இது ‘அபௌட்’ பாடத்தைப் படிப்பதற்கு முன்பு எழுதியது, அப்படியே விட்டிருக்கிறேன்.)
“மை ஹஸ்பண்ட் ஆல்வேஸ் செகண்ட்-கெஸ் மை குக்கிங்.”
“ஐ ஹேவ் எ செகண்ட்-கெஸ் இன் திஸ் பி.ஓ.”
“ஐ ஆம் செகண்ட்-கெஸ்ஸிங் தட் தி வெண்டர் வில் டிலே.”
“வென் எவ்ரிபடி இஸ் ஸ்லீப்பிங், ஐ செகண்ட்-கெஸ் மைசெல்ஃப்.”

---

நாகர்கோவில்_டீச்சர்

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தவள், சிவப்பு மசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. வாங்க, பார்ப்போம்.

ஐந்தாவது வாக்கியத்தில் கை வைக்க எதுவும் இல்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

முதலாவதில் ‘அபௌட்’டை எடுத்தால் போதும். “ஐ செகண்ட்-கெஸ்ட் தி குவான்டிட்டி.” சொல்லும்போது ‘செகண்ட் கெஸ்ட்’ என்று இரண்டாவது விருந்தாளி மாதிரிதான் காதில் விழும். பயப்படாதீங்க, ஆங்கிலேயர் வாயிலும் அப்படித்தான் விழும்.

இரண்டாவதில் கணவர் ஒருவர், ஆகவே ‘கெஸ்ஸஸ்’. (ஒருவர்தானே.) ஆனால் அதற்குமேல் ஒன்று உண்டு. குழம்பு நன்றாயில்லை என்று சொல்வது வெறும் நொட்டை. அதற்கு இந்த வினை தேவையில்லை. “இவ்வளவு புளி ஊற்றியிருக்க வேண்டாம்” என்று நீங்கள் எடுத்த முடிவில் மூக்கை நுழைத்தால்தான் இது பொருந்தும். செகண்ட்-கெஸ் செய்ய அங்கே ஒரு முடிவு இருக்க வேண்டும். வானத்தையும் மழையையும் யாரும் செகண்ட்-கெஸ் செய்வதில்லை. மழையன்று குடை எடுக்காமல் போனதைச் செய்யலாம்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் நம் பிள்ளைகள் எல்லோரும் விழுவார்கள். பெயர்ச்சொல்லாக நீங்கள் தேடுவது ‘செகண்ட் தாட்ஸ்’. “ஐ ஆம் ஹேவிங் செகண்ட் தாட்ஸ் அபௌட் திஸ் பி.ஓ.” இங்கே ‘அபௌட்’ வரும், ‘தாட்ஸ்’ பன்மையில் வரும். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். கிட்டத்தட்ட. நான் வகுப்பில் இதற்குச் சேலைக்கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். உங்களுக்கு ஒப்பணக்காரத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைப்பையன் சேலையை விரித்துப் போட்டிருக்கிறான், நீங்கள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. விலையைப் பார்த்து நிற்கிறீர்கள். அம்மா காதில் சொல்கிறாள், “திங்க் ட்வைஸ்.” முடிவுக்கு முந்திய யோசனை அது. சரி என்று சொல்லி, பில் போடும் வரிசையில் நிற்கும்போது, அந்தப் பச்சையை எடுத்திருக்கலாமோ என்று மனசு இழுக்கிறது. இன்னும் பணம் கட்டவில்லை, திரும்பிப்போக வழி இருக்கிறது. அது ‘செகண்ட் தாட்ஸ்’. பணம் கட்டி, வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் மேலே வைத்துப் பார்த்து, அக்காவுக்குப் படம் அனுப்பி, அவள் நல்லாருக்கு என்று சொன்ன பிறகும் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறீர்களே, அப்போது செய்வது ‘செகண்ட்-கெஸ்’. முதல் சலவையில் சாயம் போய்விட்டது. அப்போது ‘ரிக்ரெட்’. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை, போனது போனதுதான்.

எல்லா இடத்திலும் இப்படிக் கோடு போட்ட மாதிரி இருக்காது. வரிசையில் நிற்கும்போதே ‘செகண்ட்-கெஸ்’ என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் மாற்றிச் சொன்னால் இடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ‘செகண்ட் தாட்ஸ்’ கேட்கிறவர் காதுக்கு மரியாதையான சொல். “ஐ ஹேவ் செகண்ட் தாட்ஸ்” என்று ஒரு வெண்டரிடம் சொல்லலாம், நிதானமான ஆள் என்று நினைப்பார். ‘செகண்ட்-கெஸ்’ஸில் ஒரு குறை தொனிக்கும், அதனால் நம்மைப் பற்றி நாமே சொல்லலாம், அடுத்தவரைச் சொன்னால் சுருக்கென்று தைக்கும்.

நான்காவதற்கு வருகிறேன். வெண்டர் தாமதம் செய்வார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, அது ‘சஸ்பெக்ட்’. “ஐ சஸ்பெக்ட் தி வெண்டர் வில் டிலே.” நம் ‘சந்தேகம்’ என்கிற ஒரு சொல்தான் இதற்கெல்லாம் மூலகாரணம். “அவர் வருவது சந்தேகம்தான்” என்றால் வரமாட்டார் என்று நினைக்கிறோம், அது ‘டவுட்’. “அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம்” என்றால் எடுத்தார் என்று நினைக்கிறோம், அது ‘சஸ்பெக்ட்’. ஒரே சந்தேகம், ஒன்று இல்லை என்கிறது, ஒன்று ஆமாம் என்கிறது. “ஐ டவுட் தி வெண்டர் வில் டிலே” என்று நீங்கள் எழுதினால், அவர் நேரத்துக்கு அனுப்பிவிடுவார் என்று உங்கள் மேனேஜர் நிம்மதியாக இருப்பார்!

போதாக்குறைக்கு மூன்றாவதாக ஒரு சந்தேகம் உண்டு, வகுப்பில் கை தூக்கிக் கேட்கிறது. “மிஸ், ஐ ஹேவ் எ டவுட்.” இருபத்தாறு வருடம் கேட்டுக் கேட்டு எனக்கே அது சரி என்று ஆகிவிட்டது. நம் நாட்டுக்குள் யாருக்கும் புரியும். வெளிநாட்டு ஆளுக்கு மெயில் போடும்போது மட்டும் ‘க்வெஸ்சன்’ என்று போடுங்கள். “ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்” என்றால், இன்வாய்ஸில் ஏதோ தில்லுமுல்லு என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளலாம்.

---

பீளமேடு_பர்ச்சேஸ்

டீச்சர்!!! ஒரு துருக்கிக்காரர் இரண்டு வருடம் முன்பு ஏன் எனக்குப் பதிலே போடவில்லை என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

---

இரவுப்பணி_நர்ஸ்

அக்கா, நான் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வந்து மூன்று வருடம். இந்த வார்த்தை இங்கே வேறு மாதிரியும் வரும், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போது எனக்கு இடைவேளை, இருபது நிமிடம்தான்.

முதல் மாதம் ஒரு நாள், ஒரு பாட்டியை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பேச்சு நடக்கிறது. மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது, வாயை விட்டுச் சொல்லிவிட்டேன். வார்டு சிஸ்டர், “லெட்ஸ் நாட் செகண்ட்-கெஸ் தி ஃபேமிலி” என்றார். குடும்பம் எடுத்த முடிவைக் குறை சொல்லாதே என்கிறார் என்று நினைத்தேன், அவர்கள் இன்னும் முடிவே எடுக்கவில்லையே என்று குழம்பினேன். அவர் சொன்னது, அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நாமே முன்கூட்டிக் கணித்து அதற்கேற்றாற்போல் ஆட வேண்டாம், கேட்டுவிடுவோம் என்று. நடந்ததைக் கிளறுவதற்கும் இதே வினை, நடக்கப்போவதைக் கணிப்பதற்கும் இதே வினை. இங்கே இரண்டாவதும் சகஜம். “பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று செகண்ட்-கெஸ் செய்யாதே, எல்லாவற்றையும் படி” என்று சொல்வார்கள். எள் என்றால் எண்ணெயாக நிற்பது நம் ஊரில் பெருமை, இங்கே சில சமயம் அதிகப்பிரசங்கித்தனம்.

எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இடத்தில் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று பாருங்கள். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் கதையைப் படித்தபோது, உங்களை எல்லோரும் சேர்ந்து சந்தேகமே படாதே என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பட்டது. எங்கள் வார்டில் சில மருந்துகளை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுக்க முடியும். நான் அளந்ததை இன்னொருத்தி திரும்பப் பார்க்கிறாள். என் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, நான் கோபித்துக்கொள்வதும் இல்லை. இதை யாரும் செகண்ட்-கெஸ் என்று சொல்வதில்லை, ‘டபுள்-செக்’. உங்கள் ஆபீஸில் ‘கிராஸ் செக்’ என்பீர்களாக இருக்கும். டபுள்-செக்குக்கு ஒரு முடிவு இருக்கிறது. சீட்டைப் பார்த்தோம், மருந்தைப் பார்த்தோம், சரி, கையெழுத்து, முடிந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது, “சரியாத்தான் போட்டேனா” என்று ஸ்டாப் ஸ்டாப்பாக மனசு ஓடுகிறதே, அதுதான் செகண்ட்-கெஸ். புதிதாகப் பார்க்க அங்கே எதுவும் இல்லை, பழையதையே திரும்ப ஓட்டுகிறோம். நான் இரண்டு முறை பஸ்ஸிலிருந்து வார்டுக்கு போன் செய்திருக்கிறேன். இரண்டு முறையும் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை 400. புதன்கிழமை 350. இடையில் ஏதாவது புது நம்பர் வந்ததா அக்கா? விற்பனை குறைந்தது, ஒரு ஆர்டர் ரத்தானது, அப்படி ஏதாவது?

---

பீளமேடு_பர்ச்சேஸ்

இல்லை தங்கச்சி. போன வருடம் மிச்சமான அந்த 40 ஏற்கெனவே கணக்கில் கழித்ததுதான். ராத்திரிதான் வந்தது, நம்பர் எதுவும் வரவில்லை.

---

மதில்மேல்பூனை

அப்படிச் சொல்லுங்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறேன், கடைசியில் சீல் எத்தனை செலவானது?

---

ஜெர்சிக்காரன்

பூனையாரே, அதைக் கேட்பதுதான் செகண்ட்-கெஸ்ஸர் வேலை. கோடை முடியட்டும், நாம் எல்லோரும் பாப்கார்னோடு வந்து உட்காருவோம். நர்ஸம்மா சொன்ன பிரிட்டிஷ் அர்த்தத்தை இங்கேயும் கேட்டிருக்கிறேன், ஆனால் குறைவு. டபுள்-செக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அருமை.

---

பீளமேடு_பர்ச்சேஸ்

எல்லோருக்கும் நன்றி. மேனேஜருக்கு இன்று காலை இப்படி எழுதினேன்: “சார், ஐ மிஸ்அண்டர்ஸ்டுட் யுவர் கமெண்ட். யூ ஆர் ரைட். ஃப்ரம் நவ் ஐ வில் டபுள்-செக் மை நம்பர்ஸ் ஒன்ஸ் பிஃபோர் தி பி.ஓ., அண்ட் ஐ வில் நாட் செகண்ட்-கெஸ் தெம் ஆஃப்டர்.” டீச்சர், ‘ஆஃப்டர்’ என்று முடிக்கலாமா, ‘ஆஃப்டர்வர்ட்ஸ்’ வேண்டுமா? அனுப்பிவிட்டேன், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அவர் இந்த முறை பொம்மை போடவில்லை. “குட். ஹவ் மெனி பேரிங்ஸ்?” என்று மட்டும் கேட்டார்.

250 என்று பி.ஓ. மதியம் போய்விட்டது. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எக்ஸலைப் பார்த்தேன், ஸ்டோர்ஸில் கையிருப்பை ஒரு தடவை எண்ணச் சொன்னேன், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, ஏழு மணி வரை போனைத் தொடவில்லை.

ஏழேகாலுக்கு வெண்டரைக் கூப்பிட்டேன். நல்லவேளை, அவர் எடுக்கவில்லை.